வரையத் தெரியாதவர் இறந்தவர்கள் நினைவாக ஆர்ட் ஜர்னல் செய்வது எப்படி?

கேள்வி: மூன்று வருடங்களுக்குள் அப்பா, அத்தை, தம்பி என்று மூன்று பேரை இழந்துவிட்டேன். அவர்கள் நினைவாக ஒரு ஆர்ட் ஜர்னல் (படம், எழுத்து, ஒட்டிய துண்டுகள் எல்லாம் சேர்ந்த நோட்டு) செய்ய வேண்டும் என்று நல்ல நோட்டாக வாங்கி வைத்து ஐந்து மாதம் ஆகிறது. வரையத் தெரியாது. அப்பா முகத்தை நான்கு தடவை வரைந்து நான்கையும் கிழித்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது? பழைய போட்டோ, கடிதம் எல்லாம் ஒட்டலாமா?

பதில்: முதலில் அந்த முகத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வரையத் தெரியவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. வருடக்கணக்கில் வரைந்து பழகியவர்களுக்கே வீட்டு மனிதர்களின் முகம் கை கொடுக்காது. தெரியாத ஒருவர் முகத்தில் கண் கொஞ்சம் தள்ளிப் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்பா முகத்தில் ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் தாளில் இருப்பவர் வேறு யாரோ ஆகிவிடுவார், அதைப் பார்க்கும்போது அவரை இன்னொரு தடவை இழந்தது போல இருக்கும். நீங்கள் நான்கையும் கிழித்ததன் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். முகம் போட்டோவில் பத்திரமாக இருக்கிறது. போட்டோவில் இல்லாதவை, இன்னும் சில வருடங்களில் உங்கள் தலையிலிருந்தும் நழுவிப் போகக் கூடியவை, அவற்றைத்தான் இந்த நோட்டு பிடித்து வைக்க வேண்டும்.

கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞரின் இளைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில், முதல் உலகப் போரில் 18 வயதில் இறந்தான். சில வாரங்களிலேயே அவனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்ய முடிவெடுத்தார். தொடக்கத்தில் போட்ட திட்டத்தில் மகனின் உடல் கிடக்கும், பெற்றோர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருப்பார்கள். வேலை பலமுறை நின்றது, இடையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார். கடைசியில் 1932ல் பெல்ஜியத்தில் அந்தச் சிற்பம் வைக்கப்பட்டபோது அதில் மகன் இல்லை. மண்டியிட்ட தாய், மண்டியிட்ட தகப்பன், இரண்டே உருவங்கள். உருவங்களைச் செதுக்குவதும் அச்சில் கொண்டுவருவதும்தான் அவருடைய வாழ்நாள் தொழில், அவருக்கே 18 வருடம் ஆகியிருக்கிறது. உங்கள் ஐந்து மாதத்தைத் தாமதம் என்று நினைத்து வருந்தவே வேண்டாம்.

சரி, முகம் வேண்டாம் என்றால் எதை வரைவது? அவர்கள் கை பட்ட பொருளை. என் அப்பாவின் மூக்குக் கண்ணாடி என்னிடம் இருக்கிறது. இடது பக்கக் கம்பியின் திருகாணி எப்போதோ கழன்று விழுந்துவிட்டது, அந்த இடத்தில் அப்பா கறுப்பு நூலைச் சுற்றிக் கட்டியிருந்தார். பல வருடம் தினமும் பார்த்த கண்ணாடிதான், ஆனால் அதை வரைய உட்கார்ந்த அன்றுதான் நூலின் சுற்றுகளை எண்ணினேன். ஏழு. ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக, நெருக்கமாகச் சுற்றி, முடிச்சு கன்னத்தில் உறுத்தாதபடி வெளிப்பக்கமாகப் போட்டிருந்தார். மூக்கில் உட்காரும் இரண்டு தாங்கிகளில் ஒன்று மட்டும் பச்சை பூத்திருந்தது. என் படம் ஒன்றும் பிரமாதமாக வரவில்லை. ஆனால் அந்த ஏழு சுற்றுகளையும் ஒவ்வொன்றாகப் போடும்போது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்த சத்தம் வரைக்கும் திரும்பி வந்தது. போட்டோ எனக்கு அதைக் கொடுத்ததில்லை.

இதற்கு ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொருளைத் தாளின் மேலேயே வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தால் அளவும் வடிவமும் வந்துவிடும். அப்புறம் உள்ளே முழுவதையும் நிரப்பப் பார்க்காதீர்கள். தேய்ந்த இடமோ கீறலோ, அந்த மனிதரால் ஏற்பட்ட அடையாளம் எதுவோ அதை மட்டும் கவனமாகப் போடுங்கள். செருப்பு என்றால் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது, சாவிக்கொத்து என்றால் எந்தச் சாவி மட்டும் மெருகேறிப் பளபளக்கிறது என்பது. பொருள் கையில் இல்லையா, நினைவிலிருந்து வரைந்து, தெரியாத பகுதியை வெறுமையாகவே விடுங்கள்.

அடுத்து கையெழுத்து. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பக்கம். அவர்கள் எழுதியது எதுவாக இருந்தாலும் சரி, ஒரு கடிதமோ வீட்டுக் கணக்கோ போன் நம்பர் குறித்த துண்டுச் சீட்டோ, அதன் ஜெராக்ஸ் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, அவர்கள் வேகத்திலேயே எழுத முயன்று பாருங்கள். அம்மாவின் ஒரு கடிதத்தை இப்படி எழுதும்போதுதான், அவர் ஒரு சொல்லை முழுக்க எழுதி முடித்துவிட்டு, பிறகு திரும்பிப் போய்ப் புள்ளிகளை மொத்தமாக வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. புள்ளிகள் எழுத்துக்கு நேர் மேலே இல்லாமல் எல்லாமே கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, சின்ன வாலோடு இருந்தன. அவசரமாக எழுதிய வரிகளில் வால் நீளம். கடைசி வரியில் இரண்டு எழுத்துக்குப் புள்ளியே இல்லை. எழுதி முடித்தபோது என் மணிக்கட்டு அவருடைய மணிக்கட்டு போன வழியில் போய் வந்திருந்தது. அந்தத் தாளை அப்படியே நோட்டில் ஒட்டினேன், பக்கத்தில் எதுவும் வரையவில்லை.

அப்புறம் அவர்கள் பேச்சு. என் அனுபவத்தில் முதலில் மங்குவது குரல்தான், அதற்கடுத்து அவர்களுக்கே உரிய சொற்கள். அப்பா போனை எடுத்ததும் என்ன சொல்வார்? அத்தை உங்களை எந்தப் பெயரில் கூப்பிடுவார்? தம்பிக்குக் கோபம் வந்தால் எந்தச் சொல் முதலில் வரும்? இவற்றைப் பேச்சுத் தமிழிலேயே, அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கூடவே எந்தச் சமயத்தில் சொன்னார்கள் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், சொல் தனியாக நின்றால் பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய குரல் செய்தி ஏதாவது இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே வெளியே எடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். போன் மாறும்போது இவை தொலைந்து போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு அதைக் கேட்டு, இருமலும் இடைவெளியும் உட்பட எழுதினால் அதுவே ஒரு பக்கம். நோட்டில் கியூஆர் கோடு அச்சடித்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது காட்டும் இணைப்பு ஒருநாள் வேலை செய்யாமல் போகலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, வீட்டின் வரைபடம். நீங்கள் எல்லோரும் சேர்ந்து இருந்த வீட்டை மேலிருந்து பார்ப்பது போல, சுவர்களுக்குக் கோடு மட்டும் போட்டு வரையுங்கள். யார் எங்கே உட்கார்வார்கள், யார் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பார்கள், ரேடியோ எங்கே, எந்தக் கதவு சத்தம் போடும் என்று குறித்துக்கொண்டே போங்கள். முடித்ததும் அதைச் சொந்தக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். கண்டிப்பாக ஏதாவது ஒன்றைத் தப்பு என்பார். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் அவர் சொன்னதை வேறு நிற மையில் அதே படத்தில் எழுதிவிடுங்கள். பேச மாட்டேன் என்று இருந்த பெரியவர்கள்கூட இந்த ஒரு படத்தைப் பார்த்ததும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள்.

நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நினைவு நோட்டு என்றதும் கறுப்பு, சாம்பல் என்று போய்விடாதீர்கள். ஒவ்வொருவர் சட்டையோ புடவையோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே நிறம் வரும் வரைக்கும் வாட்டர்கலரைக் கலந்து, கலந்த ஒவ்வொரு நிறத்தையும் சின்னச் சின்னக் கட்டமாகப் பூசுங்கள். சட்டை என்றால் காலரைத் திருப்பிப் பாருங்கள். மடிப்புக்குள் வெளிச்சம் படாத இடத்தில் துணி புதிதாக இருந்தபோது இருந்த நிறம் அப்படியே இருக்கும். வெளுத்த நீலத்தையும் உள்ளே இருக்கும் அடர்ந்த நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பூசினால் அவர் அதை எத்தனை வருடம் உடுத்தினார் என்பது அந்தப் பக்கத்தில் தெரியும். துணியிலேயே ஒரு துண்டு வைக்க ஆசை என்றால் பசையை விட ஊசி நூல் நல்லது, நான்கு மூலையிலும் ஒரு தையல் போதும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் வீட்டில் மற்றவர்களைக் கேளுங்கள். வெட்ட மனம் வரவில்லை என்றால் துணியை ஸ்கேனர் கண்ணாடி மேல் விரித்து ஸ்கேன் செய்யுங்கள், நெசவின் இழை வரைக்கும் தெரியும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அசலை ஒட்டாதீர்கள். போட்டோவும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. என் முதல் நோட்டில் அம்மாவின் கடிதம் ஒன்றைக் கையில் கிடைத்த பசையால் ஒட்டினேன். நான்கு வருடத்தில் பசை பட்ட இடமெல்லாம் பழுப்பேறி எழுத்துக்குப் பின்னால் கறையாகத் தெரிகிறது. பின்பக்கம் எழுதியிருந்த மூன்று வரி தாளோடு ஒட்டிப் போய்விட்டது, எடுக்கவே முடியவில்லை. அந்த மூன்று வரியில் என்ன இருந்தது என்பதில் பாதிதான் எனக்கு நினைவிருக்கிறது.

அதனால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து நகலை ஒட்டுங்கள். அதே அளவில் அச்சடிக்க 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) போதும், சின்ன போட்டோவைப் பெரிதாக்க வேண்டும் என்றால் 600 வையுங்கள். அச்சு எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரின் மை ஈரம் பட்டால் பெரும்பாலும் கரைந்து பரவும், லேசர் பிரிண்ட் கரையாது. பசை, வாட்டர்கலர் எல்லாம் சேரும் நோட்டுக்கு லேசர் நகல்தான் சரி. அந்த லேசர் நகலை வைத்து இன்னொன்றும் செய்யலாம். தாளில் அக்ரிலிக் ஜெல் மீடியத்தை (அக்ரிலிக் வண்ணத்தோடு பயன்படுத்தும், நிறமில்லாத கெட்டியான பசை போன்ற பொருள்) தடவி, நகலைக் குப்புற ஒட்டி, ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் பின்பக்கத்தை நனைத்து விரலால் மெதுவாகத் தேய்த்தால் காகிதம் உதிர்ந்து படம் மட்டும் நோட்டில் தங்கும். படம் இடவலம் மாறி வரும் என்பதால் எழுத்து இருந்தால் அச்சடிக்கும் முன்பே கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிக்கொள்ள வேண்டும். அங்கங்கே பிய்ந்து, மங்கலாகத்தான் வரும். எனக்கு அந்த மங்கல் பிடிக்கும், முழுசாகத் தெரியும் போட்டோவை விட அதுதான் நினைவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அசல்களை எங்கே வைப்பது? பிவிசி உறை வேண்டாம், அது நாளடைவில் அமிலத்தை வெளியிட்டுப் படத்தைக் கெடுக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, வெளிச்சமும் ஈரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், செய்தால் திரும்ப எடுக்க வழியே இல்லை. செல்லோடேப்பும் ஆகாது, மஞ்சளாகிப் பிசுபிசுத்துக் கறையை விட்டுவிட்டு உதிரும். போட்டோவின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயின்ட் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும். பிசின் தடவிய பக்கமும் அதை மூடும் பிளாஸ்டிக்கும் உள்ள பழைய ஆல்பம் உங்கள் வீட்டில் இருக்கலாம். அதிலிருந்து போட்டோவைப் பிய்க்கப் பார்க்காதீர்கள். முதலில் இருக்கிற நிலையிலேயே ஸ்கேன் செய்யுங்கள், பிறகு பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை போட்டோவுக்கு அடியில் விட்டு, அறுப்பது போல மெதுவாக இழுத்து இழுத்து எடுங்கள். பில், டிக்கெட் போன்ற பளபளப்பான தெர்மல் காகிதம் எதையாவது சேர்த்து வைத்திருந்தால் உடனே நகல் எடுத்துவிடுங்கள், அதில் உள்ள எழுத்து தானாகவே மறைந்து போகும்.

நோட்டைப் பொறுத்தவரை அமிலமில்லாத தாள், 200 ஜிஎஸ்எம்முக்குக் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாமல் இருந்தால் நல்லது. தண்ணீர் அதிகம் விடுவீர்கள் என்றால் 300. மலிவான மரக்கூழ்த் தாளில் மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற பொருள் இருக்கும், செய்தித்தாள் மஞ்சளாவதும் நொறுங்குவதும் அந்த லிக்னினாலும் அமிலத்தாலும்தான். இரங்கல் செய்தி வெட்டி வைத்திருந்தால் அதையும் நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள். எழுத பிக்மென்ட் மை (கரையாத நிறத் துகள்கள் உள்ள மை) உள்ள பேனா வாங்குங்கள், சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். வாங்கியதும் ஒரு கோடு போட்டு, காயவிட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். கரைந்தால் அந்தப் பேனா இந்த நோட்டுக்கு வேண்டாம். ஒட்டுவதற்கு அமிலமில்லாத பிவிஏ பசையை (வெள்ளைப் பசை) மெல்லியதாகத் தடவி, பட்டர் பேப்பர் வைத்து மூடி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். ஒட்ட ஒட்ட நோட்டு தடித்து வாய் திறந்துகொள்ளும், அதனால் இடையிடையே ஒரு தாளைத் தையலோரம் ஓர் அங்குலம் விட்டு வெட்டி எடுத்துவிடலாம். சாமான் பற்றி இவ்வளவு போதும்.

மூன்று பேருக்கும் நோட்டை மூன்று பாகமாகப் பிரிக்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். பிரிக்க வேண்டாம் என்பேன். அத்தை உங்கள் அப்பாவின் கூடப்பிறந்தவர் என்றால் நீங்கள் பிறப்பதற்கு முன்பே அவர்கள் இருவருக்குள் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. அத்தை தம்பியிடம் பேசியது போல உங்களிடம் பேசியிருக்க மாட்டார். பாகம் பிரித்தால் இதெல்லாம் எந்தப் பாகத்திலும் சேராமல் போய்விடும். தேதி வரிசையும் வேண்டாம். எது நினைவுக்கு வருகிறதோ அதை எந்தப் பக்கம் திறக்கிறதோ அதில் போடுங்கள், மூலையில் அன்றைய தேதியை மட்டும் குறியுங்கள்.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று சொல்லி, அதன்படி ஐந்து பக்கம் போடச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. அதைப் பின்பற்ற வேண்டாம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969ல் அந்த ஐந்தையும் முன்வைத்தது, தாங்களே சாகப் போகிறோம் என்று அறிந்த நோயாளிகளோடு பேசியதிலிருந்து. இழந்தவர்களின் துக்கம் அந்த வரிசையில் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. 1917ல் ஃப்ராய்டு எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இறந்தவரோடு உள்ள பிணைப்பை அறுத்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்ற எண்ணம் ரொம்ப காலம் ஓங்கியிருந்தது. 1996ல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன் என்ற ஆய்வாளர்கள் மூவர் அதை மறுத்து, அந்த உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பு, அது நோய் இல்லை என்று எடுத்துக் காட்டினார்கள். 1999ல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் இருவர் இன்னொன்று சொன்னார்கள். துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய் வருவார், அந்தப் போய்வருதல்தான் ஆரோக்கியம் என்று. நோட்டை மூடிவிட்டு மூன்று வாரம் அதைத் தொடாமல் வேலையைப் பார்த்தீர்கள் என்றால் யாருக்கும் துரோகம் செய்யவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்றால், கடினமான விஷயத்தை எழுதும் நாளில் 15 நிமிடம் போதும். உளவியலாளர் பென்னிபேக்கர் 1986ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை மனதை வாட்டும் நிகழ்ச்சியைப் பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு வருத்தம் கூடத்தான் செய்தது. பலன் தெரிந்தது பிந்தைய மாதங்களில், மருத்துவரைப் பார்க்கப் போவது குறைந்தது. பிற்பாடு நடந்த ஆய்வுகளில் பலன் சின்னதாகத்தான் வந்தது, ஆனால் எழுதியதும் மனம் கனக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது உதவும். தூங்கப் போகும் முன் வேண்டாம், பின்னால் ஒரு சின்ன வேலை இருக்கிற நேரமாகப் பார்த்து உட்காருங்கள். ஒரு வருடம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு, வேலை எதுவும் நிலைக்கு வரவில்லை என்றால் நோட்டு மட்டும் போதாது, துக்கத்துக்கு ஆலோசனை தருபவரைப் பாருங்கள்.

தம்பியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட அதிகம் எழுதவில்லை. இளையவன் போவதில் ஒரு தனிக் கோபம் இருக்கும், அவன் மேலேயே கோபம் இருக்கலாம், சண்டை ஏதாவது முடியாமல் நின்றிருக்கலாம். அதையும் நோட்டில் சேர்க்கலாம். இறந்தவர்களை எந்தக் குறையும் இல்லாதவர்களாக ஆக்கிவிட்டால் நோட்டில் இருப்பது உங்கள் தம்பியாக இருக்காது. மற்றவர் படிக்க வேண்டாம் என்றால் எதிரெதிர் பக்கங்கள் இரண்டை மூன்று ஓரத்தில் ஒட்டினால் ஒரு பை ஆகிவிடும், எழுதியதை மடித்து அதற்குள் போடுங்கள். இல்லையென்றால் பக்கத்திலேயே எழுதி, காய்ந்த பிறகு அதன் மேல் அக்ரிலிக்கை ஒரு கனமான பூச்சாகப் பூசிவிடுங்கள். எழுத்து அடியில் இருக்கும், யாராலும் படிக்க முடியாது. அவனுக்கு இன்னும் எதுவும் வரவில்லை என்றால் நான்கைந்து பக்கத்தை கிளிப் போட்டுத் தள்ளி வையுங்கள், அவை காத்திருக்கட்டும்.

முதல் பக்கத்தையும் காலியாகவே விட்டுவிடுங்கள், ஏழாவது எட்டாவது பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். அப்பாவின் பேனாவோ சீப்போ கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது இருக்கும். அதைத் தாளின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, எடுத்துவிட்டு, கோட்டுக்குள்ளே அது கடைசியாக எந்த இடத்தில் இருந்தது என்று எழுதுங்கள்.